கைக்கணினியைத் திறந்தால் என்ன?

“அதுக்குள்ள கையை விடாதீங்க, உள்ளதும் போயிடும்.” கைக்கணினி, அதாவது டேப்லெட், பழுதானால் இந்த ஒரு வாக்கியம் எல்லார் வாயிலும் தயாராக இருக்கிறது. சார்ஜ் ஏறாவிட்டாலும் சரி, திரை விரிசல் விட்டாலும் சரி, பேட்டரி ஒரு சினிமா முடிகிறவரைகூடத் தாங்காவிட்டாலும் சரி, பொறியியல் படித்த மருமகன் முதல் ஷோரூமில் டை கட்டி நிற்கிற பையன் வரை அதே பதில்தான். கம்பெனிக்காரன் பசை போட்டு ஒட்டியிருக்கிறான் என்றால் சும்மாவா? உள்ளே லித்தியம், வெடிக்கும். வாரண்டி போய்விடும். நம்ம ஊர் ஆளுக்கு இதெல்லாம் புரியாது. பேசாமல் புதுசு வாங்கிவிடுங்கள்.

இதில் பாதி தவறு. மீதிப் பாதி, யாரோ லாபம் பார்ப்பதற்காக நாம் சுமக்கிற பயம். பாதுகாப்பைப் பற்றிய கவலை நியாயமானதுதான். அந்தக் கவலையை நேர்மையாகக் கடைசிவரை கொண்டுபோய்ப் பாருங்கள். எப்படித் திறப்பது என்று எழுதிக் கொடு, உதிரிப் பாகத்தைக் கடையில் விற்பனைக்கு வை என்று உற்பத்தியாளரைக் கேட்பதில்தான் அது போய் முடியும். ‘திறக்காதே’ என்ற உத்தரவில் முடிவதற்கு அதில் வழியே இல்லை.

காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பேச்சைக் கேட்கும்போது எரிச்சல் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது. பிள்ளையார்பாளையத்துப் பக்கம் எந்தத் தெருவிலும் நடந்து பாருங்கள். குழித்தறியில் விழுது அறுந்தால் நெசவாளியே முடிந்துகொள்கிறார். ஜக்கார்டுப் பெட்டி மக்கர் செய்தால் ஏறிப் பார்க்கிறார், முடியாவிட்டால் அடுத்த தெருவிலிருந்து ஆளைக் கூப்பிடுகிறார். தறியைச் செய்தவர் அதன்மேல் முத்திரை ஒட்டி, பிரித்தால் பொறுப்பில்லை என்று எழுதி வைக்கவில்லை. வீட்டில் சோறு போடுகிற கருவியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஊரில், பிள்ளையின் பாடம் ஓடுகிற கருவியை மட்டும் சாமி விக்கிரகம் மாதிரி தொடாமல் கும்பிட வேண்டுமாம்.

முதலில் வெடிப்பு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். லித்தியம் அயான் பேட்டரி ஆபத்தானது என்பதில் சந்தேகமில்லை. கைக்கணினியில் அது அலைபேசியில் இருப்பதைவிடப் பெரியது, அதிக ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கும். ஆனால் உலகம் முழுக்கப் பேசப்பட்ட பேட்டரித் தீ எது? 2016-இல் வந்த சாம்சங் கேலக்ஸி நோட் 7. விமானத்தில் கொண்டுபோகவே பல நாடுகள் தடை விதித்தன. முதல் சுற்றில் சுமார் 25 லட்சம் கருவிகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. வேறு பேட்டரி போட்ட கருவிகளைக் கொடுத்தார்கள், அவற்றிலும் சில எரிந்தன, உற்பத்தியையே நிறுத்தினார்கள். 2017 ஜனவரியில் அந்த நிறுவனமே வெளியிட்ட விளக்கம், பேட்டரிகளின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் குறை என்பது. அந்தக் கருவிகளை எந்தத் தெருக்கோடிக் கடைக்காரரும் திறக்கவில்லை. முத்திரை கலையாமல், பசை கலையாமல், பெட்டியிலிருந்து எடுத்த மேனிக்கே எரிந்தன.

பேட்டரி எப்போது எரிகிறது என்பதில் மர்மம் ஏதுமில்லை. உள்ளே இரண்டு மின்முனைத் தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிரிப்புத் தாள் இருக்கிறது. அதைக் குத்தினாலோ மடக்கினாலோ அதீதமாகச் சூடேற்றினாலோ இரண்டு தகடும் ஒட்டி, உள்ளுக்குள்ளேயே மின்சாரம் பாய்ந்து, சூடு தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு போகும். ஆகவே குத்தாதே, மடக்காதே, சுடாதே. சமையலறையில் கேஸ் சிலிண்டரோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு இந்த மூன்று விதிகள் பெரிய பாரம் ஆகிவிடாது. இந்த மூன்றையும் யாரும் சொல்லித் தராமல், திருப்புளியும் யூகமுமாக ஒருவர் இறங்கும்போதுதான் விபத்து நடக்கிறது. சொல்லித் தரக் கூடாது என்று மறைத்து வைப்பவர்களே, பார்த்தீர்களா விபத்து என்று காட்டுவது நல்ல சாமர்த்தியம்.

திறப்பதைப் பற்றி வாதாடுகிறவன், எப்படித் திறப்பது என்று சொல்லாமல் போவது நியாயமில்லை.

திறப்பதற்கு முன் திறக்க வேண்டுமா என்று பார்க்க வேண்டும். சார்ஜ் ஏறவில்லை என்று வருகிற கருவிகளில் சிலவற்றில் கோளாறு சார்ஜ் குத்துகிற துளையில் அடைந்த பஞ்சுதான். பையிலும் தலையணை அடியிலும் கிடக்கும் கருவியில் பஞ்சு சேரும், தறி வீடு என்றால் பட்டுத் தூசியும் சேரும். கருவியை அணைத்துவிட்டு, வெளிச்சத்தில் பிடித்து, மரப் பல்குச்சியால் மெல்லக் கிளறி எடுத்தால் போதும். ஊசியும் சேப்டி பின்னும் வேண்டாம்.

நிஜமாகவே திறக்க வேண்டியதாகிவிட்டால் படங்களையும் பாடங்களையும் வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள். சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை ஓடவிட்டு, பிறகு முழுதாக அணையுங்கள். பேட்டரியில் தேங்கிய ஆற்றல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. சிம் தட்டு இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள், அதை மறந்தவர்கள் பின்மூடியைத் தூக்கும்போது தட்டை உடைத்திருக்கிறார்கள். மேசைமேல் பருத்தித் துண்டோ காகிதமோ விரியுங்கள். இந்த ஊரில் கையில் முதலில் கிடைப்பது பட்டுத் துணியாக இருக்கலாம், அது மட்டும் கூடாது. கண்ணாடியில் பட்டைத் தேய்த்து நிலைமின்சாரம் காட்டியது எட்டாம் வகுப்புப் பாடம். அந்த மின்சாரம் சில்லுகளுக்கு ஆகாது.

அடுத்தது, கருவி எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரிந்துகொள்வது. விலை குறைந்த பல கைக்கணினிகளில் பின்மூடி பிளாஸ்டிக், கொக்கிகளால் மாட்டியது. சூடே வேண்டாம். ஓரத்து இடுக்கில் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை நுழைத்து நகர்த்தினால் டக், டக் என்று ஒவ்வொரு கொக்கியாக விடும். ஐபேடு போன்றவற்றில் முன்கண்ணாடியைச் சுற்றிலும் பசை. அங்கேதான் சூடு வேண்டும். தலைமுடி காயவைக்கும் கருவியை ஓரத்தில் மட்டும், நகர்த்திக்கொண்டே காட்ட வேண்டும், நடுவில் பேட்டரி இருக்கிறது. விரல் வைத்தால் சுட வேண்டும், எடுத்துவிடத் தோன்றக் கூடாது, அந்த அளவு. தோசைக்கல்லில் வைத்துத் திறந்த வீரர்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்களைப் பின்பற்ற வேண்டாம்.

பசை இளகியதும் உறிஞ்சுக் கிண்ணத்தால் கண்ணாடியை ஒரு முடியளவு தூக்கி, பிளாஸ்டிக் தகட்டை நுழையுங்கள். மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகக் கூடாது. கண்ணாடியின் கீழே தாள் போன்ற கேபிள்கள் ஏதோ ஓர் ஓரத்தில் ஓடுகின்றன. எந்த ஓரம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதைத் தெரிந்துகொள்ளாமல் நாலு பக்கமும் சுரண்டினால் ஐந்து நிமிடத்தில் கேபிள் அறுந்துவிடும், அதற்குப் பிறகு உண்மையிலேயே உள்ளதும் போச்சுதான். கண்ணாடி ஏற்கெனவே நொறுங்கியிருந்தால் முழுப்பரப்பிலும் செல்லோ டேப் ஒட்டிவிட்டு, கண்ணுக்கு மூக்குக்கண்ணாடியாவது மாட்டிக்கொண்டு தொடங்குங்கள். கண்ணாடியைப் புத்தகம் விரிப்பதுபோல் மெல்லச் சாய்க்க வேண்டும். பிடுங்கக் கூடாது.

உள்ளே போனதும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. மற்ற எதையும் அதற்கு முன் தொடக் கூடாது. கழற்றிய திருகுகளை, எது எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் படம் போட்டு அதன்மேல் ஒட்டி வையுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தால் விடுகிறவர்கள்தான் அதிகம். ஒரு மில்லிமீட்டர் கூடுதல் நீளமான திருகைக் குட்டைத் துளையில் போட்டு முறுக்கினால், பலகையின் உள்ளடுக்கில் ஓடும் செம்புக் கோடு அறுந்துபோகும், பிறகு அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பேட்டரி அடியில் பசையால் ஒட்டியிருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் சில சொட்டு விட்டு, ஊறவைத்து, பிளாஸ்டிக்கால் மட்டும் நெம்ப வேண்டும். உலோகம் ஆகாது. அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது, ஒரு தகர வாளியில் காய்ந்த மணல் இருக்கட்டும்.

பேட்டரி உப்பியிருந்தால்? நிறுத்துங்கள். திரை மேலெழும்பியோ பின்மூடி வயிறு தள்ளியோ இருந்தால் அதை அமுக்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், பழக்கமில்லாதவர் திறக்காதீர்கள். மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, கை தேர்ந்த ஆளிடம் கொண்டுபோங்கள். இங்கே ‘திறக்காதே’ கட்சியோடு எனக்கு முழு உடன்பாடு. வாரண்டி இருக்கும் கருவியைத் திறக்காதீர்கள் என்பதிலும் உடன்பாடு, இலவசமாகச் செய்ய ஒருவர் கடமைப்பட்டிருக்கும்போது நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?

ஆனால் வாரண்டி எத்தனை நாள்? பெரும்பாலான கைக்கணினிகளுக்கு ஓராண்டு. பேட்டரி தளர்வது மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ. திறந்தால் வாரண்டி போய்விடும் என்று அந்த நான்காம் ஆண்டில் ஒருவர் எச்சரித்தால், செத்துப்போன மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுகிறார் என்றுதான் அர்த்தம். முத்திரைத் தாளைக் கிழித்தாலோ வெளிப் பாகத்தைப் போட்டாலோ வாரண்டி செல்லாது என்பது போன்ற நிபந்தனைகளுக்காக அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2018-இல் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2021-இல் அதே ஆணையம் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில், பழுதுபார்ப்பைக் கட்டுப்படுத்த உற்பத்தியாளர்கள் சொல்லும் காரணங்களுக்குச் சான்று மிகக் குறைவு என்றது. பாதுகாப்பு என்ற காரணமும் அதில் அடக்கம்.

நம் நாட்டிலும் இந்த வழக்கு வேறு பெயரில் நடந்திருக்கிறது. கார் உதிரிப் பாகங்களை வெளியே விற்காமல், பழுதுநீக்கக் கையேட்டையும் தராமல் வைத்திருந்த 14 கார் நிறுவனங்களுக்கு 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் நடந்தன, அது வேறு கதை. காரை வெளியாள் தொட்டால் ஆபத்து என்ற வாதம் அங்கேயும் வைக்கப்பட்டது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரின் பிரேக்கையே தெரு மெக்கானிக்கிடம் நம்பி ஒப்படைக்கிற நாடு, மடியில் வைத்துப் படிக்கிற பலகையின் மூடியைத் தொட நடுங்குகிறது.

ஒல்லியாக இருக்க வேண்டும், தண்ணீர் புகக் கூடாது, அதனால்தான் பசை என்பது இன்னொரு வாதம். படித்தவர்கள் அதிகம் நம்புவது இதைத்தான். சாம்சங்கின் கேலக்ஸி டேப் ஆக்டிவ் 5 என்ற மாடல் 2024-இல் வந்தது. தொழிற்கூடங்களிலும் கட்டுமான இடங்களிலும் புழங்குவதற்கானது. தண்ணீர், தூசி இரண்டையும் தாங்கும் ஐபி 68 தரம். அதே சமயம் பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்து பேட்டரியைக் கையால் மாற்றிக்கொள்ளலாம். கொஞ்சம் தடிமன்தான், ஒப்புக்கொள்கிறேன். பெரிய நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் கருவிக்கு முடிகிறது, பள்ளிப் பிள்ளை வாங்கும் கருவிக்கு முடியாதாம்.

பசை என்றாலே நிரந்தரம் என்று இந்த ஊரில் யாரும் நினைக்க வேண்டியதில்லை. கோயிலில் மூலவரைப் பீடத்தோடு சேர்ப்பது அஷ்டபந்தன மருந்து. கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, வெண்ணெய் என்று எட்டுப் பொருளை இடித்து இடித்துச் சேர்க்கிற பசை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை எடுத்துவிட்டுப் புது மருந்து சாத்தி, கும்பாபிஷேகம் செய்வது மரபு. ஒட்டும்போதே எடுக்கப்போகும் நாளையும் கணக்கில் வைத்து ஒட்டுகிறார்கள். கைக்கணினியில் அந்தக் கணக்கு வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது.

இரண்டு ஆண்டு முன்பு என் வீட்டுக் கைக்கணினிக்குப் பேட்டரி மாற்ற ஓர் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். முகப்பில் இருந்த தம்பி கருவியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “சார், இதுக்கு பேட்டரி மட்டும் தனியா வராது. எக்ஸ்சேஞ்ச் போட்டுக்கோங்க.” அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், மேலிருந்து வந்த விதி. ஆப்பிளும் பல ஆண்டுகள் ஐபேடு பேட்டரி சேவை என்ற பெயரில் செய்தது முழுக் கருவியையே மாற்றிக் கொடுப்பதுதான். திறக்கத் தகுதியுள்ள ஒரே இடம் என்று அனுப்பப்படுகிறோம், அங்கே போனால் அவர்களும் திறப்பதில்லை. அதே ஆப்பிள் 2025 மே மாதத்தில் புதிய ஐபேடு மாடல்கள் சிலவற்றுக்கு வாடிக்கையாளரே பழுதுபார்க்கக் கையேடும் அசல் பாகங்களும் தருவதாக அறிவித்தது. அறிவிப்பு வருவதற்கு முந்தின நாள்வரை உயிருக்கு ஆபத்தாக இருந்த வேலை ஒரே இரவில் வீட்டு வேலையாகிவிட்டதா? வேதியியல் மாறவில்லை. அமெரிக்க மாநிலங்களில் சட்டங்கள் வந்தன, ஐரோப்பாவில் ஒழுங்குமுறை வந்தது.

நம்ம ஆளுக்குத் தெரியாது என்கிற வாதத்துக்கு வருகிறேன். இது எனக்குப் பிடிக்காத வாதம், பொய்யான வாதமும்கூட. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போகிற வழியில்தான் சுங்குவார்சத்திரமும் ஸ்ரீபெரும்புதூரும். ஐபோன்களை ஒன்றுசேர்க்கும் பாக்ஸ்கான் ஆலை அங்கே. அதில் வேலை செய்கிற பெண்களுக்காக வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியைத் தமிழக அரசு 2024 ஆகஸ்டில் திறந்தது. அதற்கு முன்பு, 2006 முதல் 2014 வரை, இதே வட்டாரத்தில் நோக்கியா ஆலை ஓடியது. எள்ளளவுத் திருகை இடத்தில் வைத்து முடுக்கி, கண்ணாடியை ஒட்டி மூடுகிறவர்களில் பலர் இந்த மாவட்டத்தையும் தமிழகத்தின் மற்ற மாவட்டங்களையும் சேர்ந்த பிள்ளைகள்தான். மூடுகிற வேலையும் திறக்கிற வேலையும் ஒன்றல்ல என்பீர்கள். சரி, தொடரில் ஒரு திருகை மட்டும் முடுக்குகிறவருக்கு முழுக் கருவியும் தெரிந்திருக்காது. ஆனால் கை நடுங்காது. மீதியைக் கற்றுக்கொள்ள ஒரு கையேடு போதும், அதுதான் இல்லை.

போலி உதிரிப் பாகம் புழங்குகிறதே என்கிறார்கள். புழங்குகிறது, மறுக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒரே மாடல் பேட்டரிக்கு மூன்று விலை சொல்வார்கள், மூன்றும் ஒரிஜினல் என்பார்கள். அசலைக் கடையில் விற்காதவரை போலிக்கு வேலை இருந்துகொண்டேதான் இருக்கும். போலியை ஒழிக்க அசலை விற்பதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. கடைக்காரர் உங்கள் படங்களைப் பார்த்துவிடுவார் என்று பயமுறுத்துவதும் அப்படித்தான். அந்தப் பயம், நம் வீட்டு மேசையிலேயே திறந்துகொள்வதற்கு ஆதரவாகத்தான் பேசுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் அலைபேசிகளுக்கும் கைக்கணினிகளுக்கும் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகள் முக்கிய உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும், பழுதுபார்ப்பவர்களுக்குத் தகவல் தர வேண்டும், மென்பொருள் மேம்பாடு குறைந்தது ஐந்து ஆண்டுகள் வர வேண்டும். இந்தியாவில் ஒன்றிய அரசு 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டது, அதே ஆண்டு டிசம்பர் 24-இல் அதற்கென இணையத்தளம் திறந்தது. பழுதுநீக்கக் குறியீடு பற்றிய குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. குழுவும் தளமும் அறிக்கையும் வந்தன, உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் மட்டும் வரவில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஓர் இடம் இருக்கிறது. தமிழக அரசே பெரிய வாடிக்கையாளர். 2011 செப்டம்பர் 15-இல், இந்த ஊரில் பிறந்த அண்ணாவின் பிறந்தநாளில், மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. 2024-இல் அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் கிட்டத்தட்ட 80,000 பேருக்குக் கைக்கணினி கொடுத்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்து, முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. இவ்வளவு பெரிய கொள்முதலில் விலை கேட்கிறவர், கூடவே இன்னும் நான்கு வரி கேட்கலாம்.

எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அடுத்த ஒப்பந்தப் புள்ளியில் அந்த வரிகள் இடம்பெறட்டும். பேட்டரி பசையில்லாமல் திருகால் பொருத்தியதாக இருக்க வேண்டும். பேட்டரி, திரை, சார்ஜ் துளை மூன்றும் ஏழு ஆண்டுகளுக்கு மாவட்டத் தலைநகரங்களில் விற்பனைக்கு இருக்க வேண்டும். திறக்கும் முறை படங்களோடு தமிழில் அச்சாகிப் பெட்டிக்குள்ளேயே வர வேண்டும். காஞ்சிபுரத்து ஐடிஐயிலும் மற்ற ஊர் ஐடிஐகளிலும் அந்தக் கையேட்டைப் பாடமாக வைக்க நிறுவனம் அனுமதி தர வேண்டும்.